பதிந்ததும் கண்டதும்

நினைவு பிரமாணமாகுமா என்ற வினாவுக்கு நம் நையாயிகர்கள் ஆகாதென்றே விடையிறுத்தார்கள். முன் அனுபவம் மனத்தில் பதித்துச் சென்ற சம்ஸ்காரம் ஒன்றிலிருந்தே பிறப்பது ஸ்மிருதி எனவும், அதே சம்ஸ்காரத்தின் துணையோடு எதிரே நிற்கும் பொருளை இந்திரியம் பற்றி ‘இது அதுவே’ என்று தெளிவது பிரத்யபிக்ஞை எனவும் அவர்கள் செய்த பாகுபாட்டை ஏட்டுத் தர்க்கமென்று தள்ளிவிடுகிறவர்கள், ரசாயன சாலைகளில் இன்று கையாளப்படும் ஒரு பாலிமர்ப் பொடியைச் சற்று உற்றுநோக்கவேண்டும்.

ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையில் கிளாஸ் மோஸ்பாக் என்னும் பேராசிரியரின் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வொன்றால் இப்பொடியைச் செய்யும் முறை உலகறியப் பெற்றது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் என்ற மருந்தோடு மெத்தக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கரைத்தால், அமிலத்தின் மூலக்கூறுகள் மருந்தின் மூலக்கூறுகளைச் சூழ்ந்து, இசைந்த இடங்களிலெல்லாம் ஹைட்ரஜன் பிணைப்பினால் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடி நெகிழுமுன் எல்லாவற்றையும் கெட்டியான பாலிமராக இறுகச் செய்து, பொடியாக்கி, மருந்தைக் கழுவி வெளியேற்றிவிட்டால், அது போன இடத்தில் அதன் வடிவமும் அதைப் பற்றிய பிடிகளும் அப்படியே நிற்கின்றன. ஒரே ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாகவுள்ள காஃபீனை அந்தக் குழிவு அநேகமாக ஏற்பதில்லை! பாலிலும் தேனிலும் தங்கிவிட்ட குளோராம்ஃபெனிகால் முதலிய மருந்துகளின் எச்சத்தைப் பிரித்தெடுக்கவும் இத்தகைய பொடிகள் உதவுகின்றன.

ஆயினும், எத்தனை முறை கழுவினாலும், அச்சாக நின்ற பொருளில் துளியளவு பொடிக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, நூறு கோடியில் ஒரு பங்கை அளக்கும் வேளையில் மெல்லக் கசிந்து வந்து, குற்றமற்ற பாலில் மருந்து இருப்பதாகச் சாட்சி சொல்லிவிடக் கூடும். வந்தது பாலிலிருந்தா, சாட்சியின் உள்ளேயிருந்தா? ஏழைப் பால்காரன் ஒருவனுடைய பிழைப்பே இந்த விடையைப் பொறுத்திருக்கலாம். 1997-ல் சமெரிடீன் என்ற மருந்தை ரத்தப் பிளாஸ்மாவில் அளக்க முற்பட்டவர்கள், அம்மருந்தை விடுத்து அதை மிகவும் ஒத்த வேறொரு சேர்மத்தைக் கொண்டு அச்சுப் பதித்தார்கள். கசிவது அந்த ஒத்த சேர்மமே யாதலால், தேடிய பொருளிலிருந்து அதனைப் பிரித்தறிய முடிந்தது.

மனிதனுடைய விஷயத்தில் இவ்வளவு சுலபமான உபாயம் கிடையாது. என்றோ ஒருவன் இழைத்த அவமானம், இன்று வாசலில் வந்து நிற்கும் முன்பின் அறியாதவன் முகத்தில் தெரிகிறது. தெரிந்ததைப் பிரத்யக்ஷம் என்றே நாம் சாதிக்கிறோம். அதற்காகச் சம்ஸ்காரங்களை வேரோடு அழிப்பதுதான் வாசனா க்ஷயம் என்று உபதேசிப்போரோடு என்னால் உடன்பட இயலவில்லை; பதிந்த வடிவத்தையே தகர்த்துவிட்டால் பெற்ற தாயின் முகத்தையும் அடையாளம் காண முடியாது. கழுவவேண்டியது உள்ளே சிக்கிக் கிடக்கும் எச்சத்தை.

சோதிக்கவேண்டிய மாதிரியைச் செலுத்துமுன், வெறும் கரைப்பானை மட்டும் பொடியின் வழியே விட்டு, கீழே இறங்குவதைப் பரிசோதிப்பது ரசாயனிகளின் வழக்கம். அப்போது வருவதெல்லாம் பொடிக்கே சொந்தம். தியானத்தில் அமர்வதன் பிரயோஜனத்தை நான் இவ்வாறே கொள்கிறேன். எதிரே ஒருவருமில்லை, யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. அப்படியிருந்தும் யாரோ பேசியதற்குப் பதில் பேசிக்கொண்டு மூண்டெழுகிற கோபம் எங்கிருந்து வருகிறதென்பது, அந்த அரை நாழிகையிலாவது ஐயமின்றித் தெரியவருகிறது.