ஆசிரியருக்கு நாம் பட்ட கடன்

நல்லாசிரியர் ஒருவரை நினைவுகூர்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு நம்மவர் கண்டுள்ள விடை மிக எளியது. பணி ஓய்வு நாளில் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, ஒரு வாழ்த்து மடல். காலமான பின்னர் ஒரு படத்திறப்பு, அவர் பெயரால் ஒரு சுழற்கோப்பை. இவை தீயன என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் மாலை மறுநாளே வாடிவிடுகிறது. கோப்பையோ ஆண்டுதோறும் வென்றவர் கைக்கே போய்ச் சேர்கிறது. உயர்நிலைப் பள்ளியிலே பகலெல்லாம் பாடம் நடத்தி, மாலையில் மைதானத்தில் இறங்கி விளையாட்டும் பயிற்றுவித்த ஆசிரியர், வென்றவருக்காக மட்டுமா உழைத்தார்? அவரது பெருமையை எக்கோல் கொண்டு அளப்பது?

எல்லா ஊர்க்கும் பொதுவான இவ்வினா, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கையும் அதன் அண்டையிலுள்ள தேயிலைத் தோட்டங்களையும் அறிந்தவர்க்குத் தனிப்பொருள் உடையது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தை நிறுவினார். இம்மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தன. அவர்தம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்று, பின்னர் மலாய்மொழி வழியே நடக்கும் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தனர். புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பின்னரே முதற்படிவம் ஏறியோர் பலர். புதிய மொழியும் புதிய முகங்களும் சூழ, தெரிந்த விடையையும் சொல்ல நாவெழாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மைதானத்தில் அந்நிலை மாறுகிறது. அங்கே பிள்ளையின் கால்களை யாரும் இலக்கணம் கேட்பதில்லை. வகுப்பறையில் கடைசிப் பலகையில் ஒடுங்கியிருந்தவன் அங்கே நிமிர்ந்து நிற்கிறான். அவனை முதன்முதல் பெயர் சொல்லி அழைப்பவர் பெரும்பாலும் விளையாட்டு ஆசிரியரே. தோட்டத்துப் பிள்ளைக்கு இஃது சிறிய கொடையன்று. எனினும் இங்கேயே ஓர் இடர் உண்டு. மாலைப் பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும். பனி இறங்கும் மலைப்பாதையில் லயம் வரை நடக்க வேண்டும். ஆகவே அப்பிள்ளை புத்தகப் பையுடன் மைதானத்து ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவனைக் கண்ணுற்ற ஆசிரியர் என்ன செய்தார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் சிறந்த பயிற்சியாளர்க்கு அரசாங்கம் வழங்கும் விருதுக்குத் துரோணாச்சாரியர் என்று பெயர். அத்துரோணர் யார்? தம் மாணவன் அருச்சுனனை மிஞ்சிய வில்லாளி ஒருவனும் இருத்தலாகாது என்பதற்காக, தம்மிடம் பாடம் கேளாது தம் உருவத்தை வைத்துத் தானே பயின்ற வேடச் சிறுவன் ஏகலைவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டவர். நல்லாசிரியர்க்கு அவர் பெயரால் பரிசளிப்பது நம் காலத்து விந்தைகளுள் ஒன்றேயாகும்!

ஆயினும் 1985-ஆம் ஆண்டில் அவ்விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றோருள் ஒருவரான ஓ. எம். நம்பியார் துரோணர் வழியிற் சென்றவர் அல்லர். கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த பி. டி. உஷா என்னும் சிறுமியின் திறமையைக் கண்டறிந்து ஆண்டுக்கணக்கில் பயிற்றியவர் அவர். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கால். அதனோடு எல்லாம் முடிந்தது என்று ஆசிரியரும் மாணவியும் வாளா இருந்தனரா? மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் அவர் ஐந்து தங்கப் பதக்கங்களைப் பெற்றார். தோல்விக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களே ஆசிரியத் தொழிலின் உயிர்நிலை.

இம்மலைப் பாதையின் அடிவாரத்திலுள்ள தாப்பாவில் பிறந்த மு. இராஜாமணியின் கதையும் இதனையே காட்டும். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிப் பதக்கமின்றித் திரும்பிய அவர், 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

ஒரு மாணவியிடம் தம் நாளெல்லாம் செலவிட்டதும் ஒருதலை அன்புதானே என்று சிலர் வினவலாம். அன்று. ஒருவரைச் சிறப்பாகப் பயிற்றுவது குற்றமாகாது. அவர் பொருட்டு மற்றொருவரின் விரலைக் கேட்பதே குற்றம். இக்காலத்தில் விரலைக் கத்தி கொண்டு வெட்டுவார் இலர். வண்டியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏற்ற நேரத்தில் பயிற்சி வைப்பதும், காலணி வாங்க வகையற்றவனை அணியிலிருந்து நீக்குவதும், பரிசு வாங்கித் தர மாட்டான் என்று ஒருவனை ஓரத்திலேயே நிறுத்துவதும் அவ்வெட்டின் புதிய வடிவங்களே. பள்ளிக்குக் கோப்பை வேண்டாமா என்று கேட்பார்க்கு, வேண்டும் என்றே சொல்வோம். கோப்பையைக் கொணர்ந்த ஆசிரியர் திறமையுடையவர். கோப்பைக்கு உதவாத பிள்ளையையும் ஓடச் செய்தவரோ நல்லவர். திறமையைப் புகழ்கிறோம், நன்மையையே ஆயுளளவும் மறவாதிருக்கிறோம்.

விளையாட்டில் கற்பவை பலவற்றுள் தோற்கக் கற்பதே அரிது. நடுவரின் தீர்ப்பு கசந்தாலும் ஏற்பது, வென்றவன் கையைப் பற்றிக் குலுக்குவது, மறுநாள் மீண்டும் மைதானத்துக்கு வருவது ஆகிய மூன்றும் பழகியவன் வாழ்க்கையில் வேலை இழந்தபோதும் நிலைகுலைய மாட்டான். பதக்கம் ஒன்றும் பெறாமல் லாரி ஓட்டியும் காய்கறித் தோட்டத்தில் உழைத்தும் வாழும் பழைய மாணவரிடமே அவ்வாசிரியரின் பாடத்தை நாம் தேட வேண்டும்.

ஆகவே, ஆசிரியரை நினைக்கும் அன்பர்களே! அவர்பால் பட்ட கடனை அவரிடமே திருப்பிக் கொடுக்க இயலாது. அவர் அதனைக் கேட்கவும் இல்லை. கல்விக்கடன் கீழ்நோக்கியே ஓடும், மலையருவி போல. தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் சென்று நிலைபெற்றவர்கள் மாலையும் படமும் வாங்கும் பணத்தில், வாரத்தில் இரு நாள் பயிற்சி முடிந்தபின் பிள்ளைகளை லயத்தில் கொண்டுவிட ஒரு வண்டிக்கு வழிசெய்யலாகாதா? மைதானத்து ஓரத்தில் பஸ் நேரத்தை எண்ணி நிற்கும் ஒரு பிள்ளை, பையைக் கீழே வைத்துவிட்டு ஆட்டத்தில் இறங்குவானாயின், அன்றே அந்த ஆசிரியரை நாம் உண்மையாக நினைவுகூர்ந்தவராவோம்.