ஒரு கவளம் மிகுந்தால் நோன்பு போயிற்றா?

உடல் எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூற, அதனை ஆர்வத்தோடு தொடங்கி, நான்காம் நாளோ பத்தாம் நாளோ கைவிட்டுவிடுபவர் நம் இல்லங்களில் பலர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "திருமண வீட்டில் இரண்டு பாதுஷா தின்றுவிட்டேன்; அன்றோடு எல்லாம் போயிற்று." இந்த 'எல்லாம் போயிற்று' என்னும் சொல்லையே இங்கு ஆராய விரும்புகிறேன். இரண்டு பாதுஷாவினால் உடலுக்கு நேர்ந்த கேடு சிறிதே. மேற்கொண்ட ஒழுக்கம் ஒருமுறை நழுவினால் அது இல்லாமலே ஆகிவிடுகிறதா என்பது அறநூல் சார்ந்த கேள்வி. பாதுஷாவோடு முடிந்துவிடும் கேள்வியன்று.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். எடை குறைவதற்காக உண்ணாதிருத்தல் தவம் ஆகாது. தவம் வினை உதிர்ப்பின் பொருட்டுச் செய்யப்படுவது. அஷ்டமி, சதுர்த்தசி உபவாசங்களை எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்வாரை நான் அறிவேன். அது எனக்கு ஒப்பவில்லை. பொன்னை விற்றுப் பொரி வாங்குவது போன்றது அது. எனினும், நாவினை அடக்குவது பற்றித் தவநூல்கள் கண்டு சொன்னவற்றை இல்லறத்தார் தம் உடல்நலத்திற்குத் துணையாகக் கொள்வதில் குற்றமில்லை. நாவை அடக்கப் புகுந்தவர் எங்கே இடறுவார் என்பதை முனிவரினும் நன்கு அறிந்தவர் யார்?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் புறத்தவம் ஆறினைக் கூறுகிறது. அவற்றுள் முதல் நான்கும் உணவைப் பற்றியனவே. முற்றும் உண்ணாமை அனசனம். வயிறு நிறையாமல் உண்ணுதல் அவமோதரியம். இன்ன வகையில் கிடைத்தால் மட்டுமே ஏற்பேன் என்று புறப்படுமுன் வரையறுத்துக்கொள்ளுதல் விருத்தி பரிசங்கியானம். சுவைப் பொருள்களைத் துறத்தல் இரச பரித்தியாகம். எடை குறைக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதற்படியை நோக்கியே தாவுகின்றனர். காலை உணவை அறவே விடுகின்றனர். மாலை நான்கு மணிக்குப் பசி மீதூருகிறது. இரவு உண்ணாமையைக் காக்க வேண்டுமே என்ற அவசரமும் உடன் சேர, பொழுது சாயுமுன் இருவேளை உணவை ஒருவேளையில் விழுங்கிவிடுகின்றனர். வயிறு நிறைந்தது என்னும் உணர்வு எழ ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பர் மருத்துவர். பத்து நிமிடத்தில் உண்டு எழுபவர்க்கு அவ்வுணர்வு வரும்போது தட்டு கழுவியாகியிருக்கும்!

இல்லறத்தார்க்கு ஏற்றது அவமோதரியமே என்பது என் துணிபு. பழைய ஆசார நூல்கள் ஆடவர்க்கு நிறைவுணவு 32 கவளம் என்றும் மகளிர்க்கு 28 என்றும் அளவு வகுத்து, அதில் ஒரே ஒரு கவளம் குறைத்து உண்பதையும் இத்தவத்தில் சேர்த்துள்ளன. ஒரு கவளம் என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மவர் முதல்நாளே பாதி உணவைக் குறைத்து வீரம் காட்டுகின்றனர். நூலோ ஒரு கவளத்திலிருந்து தொடங்க இசைகிறது.

இரச பரித்தியாகத்தில் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என ஆறு இரசங்கள் சொல்லப்படும். நம் பலகாரப் பெட்டியில் உள்ளவை யாவும் இவற்றுள் இரண்டோ மூன்றோ கூடியவை என்பது கருதத்தக்கது. அதிரசத்தில் வெல்லமும் எண்ணெயும். முறுக்கில் எண்ணெயும் உப்பும். ஆறனையும் ஒருசேர விடத் தேவையில்லை. ஒன்றை, அதுவும் ஒரு கால எல்லை வைத்து விடலாம். சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டகத்தில், நுகர்பொருள் வரையறையை நியமம், யமம் என இரண்டாகப் பகுத்தார். காலவரை உடையது நியமம், வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். 'இனி ஆயுள் உள்ளவரை இனிப்பே தொடேன்' என்று சூளுரைப்பவர் யமத்தில் தொடங்குகிறார். பதினைந்து நாள் நியமத்தை நிறைவேற்றி, மீண்டும் பதினைந்து நாள் எடுத்துக்கொள்பவர் அவரைக் காட்டிலும் நெடுந்தொலைவு செல்வதைப் பார்த்திருக்கிறேன்.

உணவின்மேல் எழும் வேட்கையைப் பற்றியும் ஒரு சொல். 1999ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் கோஜிமாவும் அவருடன் பணியாற்றியோரும், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் இரைப்பையில் சுரப்பதைக் கண்டறிந்தனர். நாம் வழக்கமாக உண்ணும் வேளையை ஒட்டி அது உயர்கிறது. அவ்வேளையில் உண்ணாவிடினும் பின்னர்த் தானே தாழ்கிறது. உபவாசம் இருந்து பழகியவர்க்கு இது புதுச் செய்தியன்று. நான்கு மணிக் காபியோடு முறுக்கு உண்டு பழகிய உடல் நான்கு மணிக்கு முறுக்கைக் கேட்கும். ஐந்து மணிக்கு அத்துணை வலிந்து கேளாது. வேட்கையை அந்த ஒரு மணி நேரம் தாங்கிக்கொண்டால் போதும்; வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை.

இனி, நழுவலுக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்ற உளவியலில், பழக்கம் பற்றி வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதியது முதன்மையான பாடம். புதிய பழக்கம் வேரூன்றும் வரை ஒரு விலக்குக்கும் இடம் தரலாகாது என்றும், நூலுருண்டை கைதவறி ஒருமுறை விழுந்தால் பல சுற்றுகள் அவிழ்ந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். எச்சரிக்கை சரியே. ஆனால் விழுந்த உருண்டையைக் கண்டு அழுபவரிடம் அந்த உவமையைச் சொல்லி என்ன பயன்? கையெழுத்து ஏட்டில் ஓர் எழுத்துப் பிழைத்ததும் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதுத்தாள் கேட்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மாத முடிவில் அவர்கள் ஏட்டில் அட்டை மட்டுமே எஞ்சும். பிழையை அடித்துவிட்டு அடுத்த வரி எழுதுகிற பிள்ளையின் கையெழுத்தே திருந்தும்.

1975இல் ஹெர்மன், மேக் என்னும் இரு ஆய்வாளர் இதனைச் சோதித்துக் கண்டனர். சிலருக்கு முதலில் சத்து மிகுந்த பாற்பானம் அளித்தனர். சிலருக்கு ஒன்றும் அளிக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வைத்தனர். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் பானம் அருந்தியிருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்து உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, பானம் அருந்திய பின் கூடுதலாக உண்டனர்! கட்டு குலைந்துவிட்டது என்ற எண்ணமே அவர்களைத் தள்ளியது.

இவ்வெண்ணத்திற்கு நம் நூல்களில் மறுப்பு உண்டு. அமிதகதி ஆசாரியர் தம் சாமாயிக பாடத்தில் குற்றத்தை நான்கு படியாக வகுத்தார்: மனத்தூய்மை குன்றுதல் அதிக்கிரமம், ஒழுக்க வேலியைத் தாண்டுதல் வியதிக்கிரமம், புலன்பொருளில் ஈடுபடுதல் அதிசாரம், அதிலேயே மிக ஒட்டிக்கிடத்தல் அனாசாரம். சமையலறைக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். டப்பாவின் நினைவு எழுதல் முதற்படி; எழுந்துபோய் மூடியைத் திறத்தல் இரண்டாம் படி; ஒன்றை வாயிலிடுதல் மூன்றாம் படி; 'இனி என்ன இருக்கிறது' என்று டப்பாவையே காலி செய்தல் நான்காம் படி. மூன்றாம் படியில் நிற்பவர் தம்மை நான்காம் படியில் நிற்பவராகக் கருதிக்கொள்வதனாலேயே நான்காம் படியை அடைகிறார். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை எண்ணி வைத்திருக்கிறது. நழுவல் நேரும் என்று அறியாதவர் அவற்றை எண்ணிப் பெயரிட்டிருப்பாரா? அதிசாரத்தால் விரதம் அழுக்குறும், அழிந்துபோவதில்லை. அழுக்கைக் களையவே பிரதிக்கிரமணம் வைத்தனர்.

'பிராயச்சித்தத்தில் உபவாசமும் ஒன்றாயிற்றே, ஆகவே தின்ற மறுநாள் பட்டினி கிடந்து ஈடு செய்யலாமே' என்று கேட்பார் உளர். உண்மையே, ஒன்பது வகைப் பிராயச்சித்தத்தில் தவமும் ஒன்று. ஆனால் அப்பட்டியல் ஆலோசனையில், அதாவது குற்றத்தைக் குருவிடம் மறைக்காது உரைப்பதில், தொடங்குகிறது. குற்றத்தின் அளவும் செய்தவர் வலிமையும் நோக்கி ஆசாரியர் அளிப்பது அது. நம்மீது நாமே சினந்து விதித்துக்கொள்ளும் பட்டினி அதனோடு ஒவ்வாது; மறுநாள் மாலை அது மற்றொரு டப்பாவைத்தான் திறக்கும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்வது உயிருக்கே தீங்கு.

மற்றொரு தளர்ச்சி தராசினால் வருவது. முதல் வாரம் இரண்டு கிலோ குறையும். அடுத்து இரு வாரம் முள் அசையாது. முதலில் குறைவதில் பெரும்பகுதி நீர். உடலில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கியிருக்கும். அது செலவானதும் நீரும் வெளியேறும். கொழுப்பு மெல்லத்தான் கரையும். தந்தி கற்போரின் முன்னேற்றம் இடையிடையே தேங்கி நிற்பதை பிரையனும் ஹார்ட்டரும் 1897இல் வரைபடமாகக் காட்டினர். தேக்கநிலையில் மாணவனைக் கடிந்துகொள்ளலாகாது என்று எமக்குக் கற்பித்தனர். தராசின்மேல் நின்று தம்மைத் தாமே கடிந்துகொள்பவர்க்கும் இது பொருந்தும்.

விருந்து வீடுகளில், "இன்னும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று இலையில் இடுபவர் அன்பினால்தான் இடுகிறார். ஆயினும் ஒருவர் நியமம் கொண்டிருப்பதாகச் சொன்ன பிறகு மீண்டும் இடுவது உபசாரம் ஆகாது. உண்பவரும் விருத்தி பரிசங்கியானத்தை நினைந்து, புறப்படுமுன் வீட்டிலேயே அளவை முடிவு செய்துகொள்வது நன்று. இலை முன் அமர்ந்த பின் எடுக்கும் முடிவு நாவின் முடிவாகவே இருக்கும்.

தாய்மார்க்கு மட்டும் உரிய ஓர் இடர் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் மீதம் வைத்ததையும், பாத்திரத்தின் அடியில் நின்றதையும், வீணாகலாகாதே என்று தாம் உண்டுவிடுகின்றனர். பொழுது சாய்ந்தபின் வைத்துண்ணும் வழக்கமும் நம்மிடம் இல்லை. உணவை வீணாக்காமை நல்லறமே. ஆனால் வேண்டாத உணவு வயிற்றுக்குள் போனாலும் வீணானதுதான். இதற்குத் தீர்வு உண்ணும் இடத்தில் இல்லை, உலையில் இருக்கிறது. ஒரு வாரம் மிஞ்சுவதைக் கவனித்து, அந்த அளவு அரிசியைக் குறைத்துப் போட வேண்டும். யாருக்கேனும் போதாது போனால் ஒரு வாழைப்பழம் இருக்கவே இருக்கிறது.