உடல் வலிமையும் ஆன்ம சாதனையும்

டெல்லி லோதி தோட்டத்தில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் திரள்கின்றனர். சிலர் விரைந்து நடக்கின்றனர். சிலர் புல்வெளியில் அமர்ந்து ஆசனங்களும் பிராணாயாமமும் பயில்கின்றனர். இரண்டும் நல்லனவே. ஆனால் தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சி என்றதும் ஆன்மிக நாட்டம் உடைய பலரும் பின்வாங்குவர். ‘நான் இந்த உடல் அல்ல என்று உணர்வதே வேதாந்தத்தின் நோக்கம், அவ்வாறிருக்க, உடலைத் திரட்டிக் கட்டுவது தேகாபிமானத்தை வளர்ப்பதாகாதா?’ என்பது அவர்களுடைய ஐயம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

சாஸ்திரம் கூறுவது

வலிமையற்றவனுக்கு ஆன்ம ஞானம் கைகூடாது என்று முண்டக உபநிஷதம் போதிக்கிறது. இங்கு வலிமை என்பது ஆன்மாவில் நிலைபெறுவதால் பிறக்கும் உறுதியே என்று சங்கரர் விளக்குகிறார். எனவே இம்மந்திரத்தை உடற்பயிற்சிக்கான நேரடிக் கட்டளையாகக் கொள்வது பொருந்தாது. எனினும் அந்த உறுதி தங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? 1897-இல் சென்னையில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தர் இதனையே இளைஞர்களுக்கு எடுத்துரைத்தார். கீதையைப் படிப்பதைக் காட்டிலும் கால்பந்தாட்டம் அவர்களைச் சுவர்க்கத்திற்கு அருகில் கொண்டுசெல்லும் என்றும், தசைகள் சற்று வலுப்பெற்றால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்றும் அவர் கூறியது கேட்டோரைத் திடுக்கிட வைத்தது. அவர் கீதையைக் குறைத்துரைக்கவில்லை. அதனைத் தாங்கும் பாத்திரத்தைச் சீர்செய்யச் சொன்னார்.

அகாடாவின் பாடம்

டெல்லி சப்ஜி மண்டிப் பகுதியில் 1925-இல் ஒரு மல்யுத்தப் பயிற்சிக்கூடம் தோன்றியது. அதனை நடத்தியவர் ராஜஸ்தானின் சிராவாவில் 1901-இல் பிறந்த விஜய்பால். ஆஞ்சநேய பக்தராகவும் பிரம்மசாரியாகவும் வாழ்ந்த அவரை உலகம் ‘குரு ஹனுமான்’ என்றே அறிந்தது. சத்பால், கர்தார் சிங் முதலிய மல்லர்கள் அவரிடம் பயின்று புகழ்பெற்றனர். 1983-இல் பத்மஸ்ரீ விருதும், 1987-இல் துரோணாச்சாரியார் விருதும் அவருக்குக் கிடைத்தன. 1999-இல் அவர் காலமானார்.

அகாடாவின் மரபில் பயிற்சி வேறு, ஒழுக்கம் வேறு அன்று. மாணவன் விடியுமுன் எழுகிறான். மண்ணைக் கொத்திப் பதப்படுத்துகிறான். ஆஞ்சநேயரை வணங்கிய பின்னரே களத்தில் கால் வைக்கிறான். தண்டாலும் பஸ்கியும் கதையும் அவனுக்கு வழிபாட்டின் தொடர்ச்சியே. வலிமை வளர வளரப் பணிவும் வளரவேண்டும் என்பதே அம்மரபின் சாரம்.

அந்தப் பணிவு அகன்றால் என்ன நேரும் என்பதையும் அதே நகரம் கண்டது. 2021 மே மாதம் டெல்லியின் சத்ரசால் விளையாட்டரங்கில் நிகழ்ந்த தாக்குதலில் இளம் மல்யுத்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். வலிமை தானாகவே தர்மமாகிவிடாது.

மருத்துவம் காட்டும் உண்மை

முப்பது வயதைக் கடந்தபின் தசைகள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவுபெறுகிறது. நடைப்பயிற்சி இதயத்திற்கும் மூச்சிற்கும் நலம் தரும். ஆனால் இந்தத் தசையிழப்பைத் தடுக்க அது மட்டும் போதாது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்துடன், இரண்டு நாட்களேனும் தசைவலுப் பயிற்சியும் வேண்டும் என்றது. 65 வயதைக் கடந்தவர்கள், சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பலவகைப் பயிற்சிகளை மூன்று நாட்களேனும் செய்யவேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

காலம் கடந்துவிட்டது என்று எண்ணவும் இடமில்லை. அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் இப்பயிற்சி அளித்துக் கண்ட முடிவுகள் 1990-இல் வெளிவந்தன. பயிற்சியை நிறைவுசெய்தோரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்திருந்தது.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து கைகளை ஊன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது, நீர் நிறைந்த குடுவையைத் தூக்கி இறக்குவது ஆகியவையே தொடக்கத்திற்குப் போதும். இதய நோய், மூட்டுவலி உடையோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே முறை.

எதற்காக இந்த வலிமை?

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூவகையாகப் பிரிக்கிறது. பலனில் பற்றின்றிச் சிரத்தையுடன் செய்வது சாத்விகம். புகழுக்காகவும் பகட்டுக்காகவும் செய்வது ராஜஸம். தன்னை வருத்திக்கொள்ளவோ பிறரை அழிக்கவோ செய்வது தாமஸம். இந்த அளவுகோலை உடற்பயிற்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். கண்ணாடியின் முன் நின்று தன் அழகில் மயங்குபவன் செய்வது ராஜஸம். ஊக்கமருந்து உட்கொண்டு உடலைக் கெடுப்பவனும், வலிமையால் பிறரை அச்சுறுத்துபவனும் செய்வது தாமஸம். தியானத்தில் நிமிர்ந்து அமரவும், சந்நிதியில் விழுந்து வணங்கி எழவும், நோயுற்ற தாயைத் தூக்கி அமர்த்தவும் வேண்டிய வலுவை நாடுபவன் செய்வது சாத்விகம். செயல் ஒன்றே, சங்கற்பமே வேறு. ஆகவே தேகாபிமானம் பயிற்சியில் இல்லை. ‘எனக்காக’ என்னும் எண்ணத்தில்தான் இருக்கிறது. சோம்பலால் உடலைத் தளரவிட்டுப் பிறர்மீது சுமையாக்குவதும் தேகாபிமானத்தின் மற்றொரு வடிவமே.

ஆயினும் நோயுற்றவர் எவரையும் முயற்சியற்றவர் என்று பழிப்பது பெரும்பிழை. ஸ்ரீராமகிருஷ்ணரும் ரமண மகரிஷியும் புற்றுநோயைத் தாங்கியே உடலை நீத்தனர். உடலின் நலிவு அவர்களது ஞானத்தைத் தொடவில்லை. கருவியைப் பேணுவது கடமை. அது எத்தனை நாள் உழைக்கும் என்பது இறைவன் கையில்.

வாடகை வீட்டில் குடியிருப்பவன் அதனைத் தனது என்று எண்ணுவதில்லை; அதற்காகக் கூரையை ஒழுகவிடுவதும் இல்லை. உரியவர் கேட்கும் நாளில் செம்மையாகத் திருப்பித் தரவேண்டும் என்றே பேணுகிறான். சாதகன் தன் உடலைப் பேணவேண்டிய முறையும் அதுவே.