சத்தியம் செய்யாதவர்கள்

பேச்சுக்குப் பேச்சு "அம்மாவாணை", "கடவுளாணை" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஊரில் பிணக்கு முற்றினால் கோயில் வாசலில் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும் எமக்குப் புதிதல்ல. ஆனால் சத்தியம் செய்யவே மறுக்கும் ஒரு சமயத்தவர் நாம் வாழும் இந்தப் பிரித்தானியாவிலே இருக்கிறார்கள். அவர்களே குவேக்கர்கள்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையால் உருவானது இச்சபை. ஒவ்வொரு மனிதருள்ளும் இறையொளி உண்டு என்பது இவர்களது அடிப்படை நம்பிக்கை. இந்நாட்டில் இவர்களது வழிபாட்டிற்குக் குருமார் இல்லை. மௌனமாகக் கூடியிருப்பர், உள்ளத்தில் உந்துதல் பெற்றவர் எழுந்து பேசுவார்.

ஆணையிட ஏன் மறுத்தனர்? அது யேசுநாதர் விலக்கியது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நாமும் சிந்திக்கவேண்டியது. ஆணையிட்டுச் சொல்வதுதான் உண்மை என்றால், ஆணையிடாமல் சொன்னவை எல்லாம் என்ன? உண்மைக்கு இரண்டு தரம் இருக்கலாகாது என்றனர். 1662ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட மறுப்பதையே குற்றமாக்கியது. பலர் சிறை சென்றனர். 1696இல்தான் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற இவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. இன்று இந்நாட்டு நீதிமன்றங்களில் எவரும் அவ்வாறு கூறலாம்.

இக்கொள்கை கடைக்கும் வந்தது. பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த காலத்தில் இவர்கள் ஒரே விலை சொல்லி விற்றனர். சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் அதே விலைதான். கடனைத் தீர்க்காமல் முறிந்தவரைச் சபையே விசாரித்தது. தவறு கண்டால் விலக்கியும் வைத்தது. பார்க்ளேஸ் வங்கியும் காட்பரி சொக்லேற்றும் இவர்களது குடும்பங்களில் தொடங்கியவை. இன்று அவர்கள் கையில் இல்லை. எமது கணக்காய்வுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான எட்வின் வோட்டர்ஹவுஸும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவரே.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. எம்மில் பலர் வேறொருவர் பெயரிலான கடவுச்சீட்டில் விமானம் ஏறியவர்கள். வாய்மை பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி? குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் வைத்திருக்கிறார். உயிர் தப்ப ஓடியவனுக்கு அந்த இடம் உண்டு என்றே நம்புகிறோம்.

ஆனால் அந்தச் சலுகை விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது. கடை வைத்திருக்கும் எம்மவர் ஒருவர், "வரிக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு எழுதித் தாருங்கோ அண்ணை, எல்லாரும் செய்யிறதுதானே" என்று கேட்டார். அதனால் யாருடைய உயிர் தப்பும்? மறுத்தோம். அவர் வேறு கணக்காளரிடம் போய்விட்டார். அந்த மாத வருமானம் குறைந்தது உண்மை. அதே மாலை கடன்காரர் தொலைபேசியில் அழைத்தபோது, "அப்பா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைக் கொண்டு சொல்வித்ததும் நாமேதான்.

சொல்லைத் தவிர வேறு சான்று ஏதுமின்றி இந்நாட்டின் வாசலில் நின்றவர்கள் நாம். எமது சொல்லை நம்பமாட்டார்களா என்று ஏங்கிய நாட்களை மறக்கவில்லை. அந்தச் சொல்லின் பெறுமதியை நாமே குறைக்கலாமா? சிந்திப்போம்.