தன்னது எது, அயலது எது?

பிறக்கும்போதே தன்னை அறிந்த ஒரு ‘நான்’, ஓர் ஆன்மா, நமக்குள் உண்டு என்று வாதிடுவோர், உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலைச் சான்றாகக் காட்டுவது உண்டு. தன்னுடையதை விட்டுவிட்டு அந்நியத்தை மட்டும் தாக்குகிறதே, தன்னை அறியாமல் அது எப்படி முடியும் என்பது அவர்கள் கேள்வி. 1988இல் கிறிஸ்டோபர் குட்னோ குழுவினர் சிட்னியில் செய்த சோதனை இதற்கு வேறு பதில் சொல்கிறது. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்றொரு புரதம் இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் மரபணுவை ஒரு சுண்டெலி வகைக்குள் புகுத்தினார்கள். ஆன்டிபாடியை உருவாக்கும் அதன் பி செல்களில் பெரும்பாலானவை அந்த ஆன்டிபாடியையே ஏந்தின. இன்னொரு வகைக்கு லைசோசைமைத் தானே சுரக்கும் மரபணுவைக் கொடுத்தார்கள். பிறகு இரண்டையும் இனச்சேர்க்கை செய்வித்தார்கள். முதல் வகை எலி லைசோசைமுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சுரந்தது. இரண்டு மரபணுக்களும் வாய்த்த குட்டிகளிலோ, அதே பி செல்கள் மண்ணீரலில் ஏராளமாக இருந்தும் செயலற்றுக் கிடந்தன.

மரபணு ஒன்று, புரதமும் ஒன்று. ஆனால் ஓர் எலிக்கு அயலானது இன்னொன்றுக்குச் சொந்தமாகிவிட்டது. ஆக, ‘தன்னது’ என்ற குணம் அந்த மரபணுவிலும் இல்லை, அந்தப் புரதத்திலும் இல்லை. செல் வளரும்போது எதைச் சந்தித்தது என்பதில் இருக்கிறது. (உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்ற சைவ சித்தாந்தக் கருத்து நினைவுக்கு வரலாம், அது உயிரைப் பற்றியது, இது செல்லைப் பற்றியது.) கோழியின் புரதத்தை எலிக்குள் சுரக்கவைத்தது செயற்கையான ஏமாற்று என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஏமாற்ற முடிந்தது என்பதுதானே விஷயம்! பிறவியிலேயே தன் உடைமைப் பட்டியல் ஒன்று உடம்பிடம் இருந்திருந்தால், கோழியின் புரதம் அதில் இடம்பெற்றிருக்காது.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1989இல் டேவிட் நெமேசியும் குர்ட் பியூர்க்கியும் ஆராய்ந்த எலிகளில், உடம்பின் சொந்தச் செல்களைப் பற்றிக்கொள்ளும் பி செல்கள் அழிக்கப்பட்டிருந்தன. அவ்வளவு கறாரான எல்லையைக் காப்பது தன்னறிவு அல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். ஆனால் அந்த அழிவும் சந்திப்புக்குப் பின்னரே நேர்கிறது. தவிர, சில பி செல்கள் சாவதற்குப் பதிலாகத் தம் ஆன்டிபாடி மரபணுவையே மறுபடி மாற்றியமைத்துத் தப்பிக்கின்றன என்பதும் 1993இல் இத்தகைய எலிகளில்தான் தெரியவந்தது. அழியாத ஆன்மா இல்லை என்று இவை எதுவும் நிரூபிக்கவில்லை. எலியின் மண்ணீரலில் அதற்கு விடை தேடுவதும் வீண். ஆன்மா உண்டு என்போர் தங்கள் வாதத்தைத் தங்கள் தரையிலேயே நின்று நடத்தட்டும். பி செல்லைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.