சில்வர் கோட்

மார்கழி. விடிந்து வெகுநேரம் ஆகிறது. நாகமலை இன்னும் தெரியவில்லை.

ஜன்னல் கம்பியில் விரல் வைக்கிறேன். ஈரம். எடுக்கும்போது கொஞ்சம் துரு கூட வருகிறது.

கம்பியை விட்ட பிறகும் குளிர் விரலில் இருக்கிறது.

*

சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைத்தாயிற்று. கம்பிக்குக் கிடைக்கவில்லை. பொங்கல் வரைக்கும் பெயிண்டர் யாருக்கும் கை ஓயாது.

கம்பி என் பங்குக்கு.

*

தெருப்பக்கம் ஏழு கம்பி. கொல்லைப்பக்கம் ஏழு. ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்கே இரண்டு பட்டை.

மறுபடி எண்ணுகிறேன். ஏழுதான்.

*

டவுனுக்குப் போகிறேன். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னபோது, கூட நின்று வேலை பார்த்தவர்களின் பெயர்கள் இவை. சுவர் போய்விட்டது. வீதி இருக்கிறது.

ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி. எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன். இன்றைக்குத்தான் பலகையை நின்று வாசிக்கிறேன்.

*

கடையில் கேட்பது சில்வர் பெயிண்ட். உள்ளே இருப்பது அலுமினியம்.

எங்கள் பக்கம் சில்வர் என்றால் எவர்சில்வர் பாத்திரம். அதிலும் வெள்ளி கிடையாது. யாரும் ஏமாறுவதும் கிடையாது.

*

டப்பா இரண்டாக வருகிறது. ஒன்றில் சாம்பல் நிறப் பசை. இன்னொன்றில் தேன் நிற வார்னிஷ். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஓர் எண்கூட உண்டு: ஐ.எஸ். 2339.

முன்கூட்டிக் கலந்து வைத்தால் மினுக்கம் போய்விடும். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்.

தோசை மாவைவிடக் கறாரான சரக்கு.

*

வெயில் ஏறக் காத்திருக்கிறேன். கம்பியில் பனி. ஒவ்வொரு துளியும் கீழ்ப்பக்கம் தொங்குகிறது. விழுவதில்லை. சிறுத்துக்கொண்டே போகிறது.

எங்கோ கோயில் ஸ்பீக்கர். பாட்டு ஓய்கிறது. ஓய்ந்த பிறகு ஒரு கரகரப்பு. அதுவும் ஓய்கிறது.

*

சுரண்டுகிறேன்.

மேலே பழைய சில்வர். அதற்கடியில் பிரவுன். அதற்கடியில் பச்சை. பச்சை, அக்கா கல்யாணம். பிரவுன், அப்பா ரிட்டயர் ஆன வருஷம். சில்வர் எதற்கென்று ஞாபகமில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் செந்தூரம். அதற்கும் அடியில் இரும்பு. சுரண்டியதும் ஒரு நொடி வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. பிறகு கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

*

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. இந்தக் கம்பி அதற்கு ரொம்ப முந்தியது.

ஆகவே உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கிறேன். மூக்கைச் சுற்றித் துண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தையை அந்தப் பக்கம் போகச் சொல்லியாயிற்று.

தூசி பறப்பதில்லை. சேறாக வழிகிறது. பச்சைச் சேறு, பிரவுன் சேறு. கீழே விரித்த செய்தித்தாளில் யாரோ ஒரு மந்திரி நனைகிறார்.

*

துண்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்கிறது. தேய்ப்பு. மூச்சு. தேய்ப்பு.

கொஞ்ச நேரத்தில் எது எதைத் தொடர்ந்து போகிறது என்று தெரியவில்லை.

*

தெருப்பக்கம், மூன்றாவது கம்பி. நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்டே இல்லை. அம்மா நிற்கும் இடம். ஒரு கை கம்பியில், ஒரு கை இடுப்பில். பஸ் வரும் திசையில் முகம்.

மற்ற இடங்களில் துரு செதிலாகப் பெயர்கிறது. இங்கே மஞ்சள் தூளாக, மெலிதாக. ஆறு வருஷத் துரு. அதற்கு முன்னால் பிடிக்க நேரம் இருந்திருக்காது.

வாட்டர் பேப்பர் நான்கு தடவை போய் வருகிறது. போய்விடுகிறது.

*

நனைத்த இரும்பை உடனே துடைக்க வேண்டும். பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறேன். எந்தப் பனியனின் எந்த மூலையோ. நடுவில் ஒரு நீலக் கோடு.

*

ரெட் ஆக்சைடு பூசுகிறேன். காவி நிறம். அதன் நிறமே இரும்பு ஆக்சைடு. துருவும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது.

துரு வராமலிருக்கத் துருவின் பங்காளியைப் பூசுகிறேன். கை நிற்கவில்லை. யோசனைதான் ஒரு கணம் நிற்கிறது.

*

ஒரு ராத்திரி காய வேண்டும்.

ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்க்கிறேன். இருட்டில் கம்பி தெரியவில்லை. வாசனை இருக்கிறது.

*

அக்கா மகன் டொராண்டோவிலிருந்து போட்டோ அனுப்புகிறான். அவன் இருக்கும் பழைய வீட்டில், ஜன்னலுக்குக் கீழே ஓர் இரும்புச் சாமான். பத்து மடிப்பு. உள்ளே வெந்நீர் ஓடுமாம். மேலே சில்வர் உரிந்து போயிருக்கிறது.

மாமா, இதுக்கும் அந்தப் பெயிண்ட்தானா என்று கேட்கிறான்.

ரேடியேட்டர் என்று பெயர் சொல்கிறான். இங்கே அது லாரியோடு போகிற சொல். வீட்டுக்குள் வந்ததில்லை.

*

அவன் ஜன்னலுக்கு வெளியே பனி. என் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அவன் இரும்பு சூடு கொடுக்க. என் இரும்பு காற்றை விட்டு மற்றதை நிறுத்த.

நிறம் ஒன்று.

*

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகம் 1935இல் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை போட்டது. ரேடியேட்டருக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று. சாதாரணப் பெயிண்ட் வெள்ளையோ கறுப்போ பச்சையோ, வெப்பத்தைக் கதிராக விடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அலுமினியப் பெயிண்ட் மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடு வேண்டும் என்றால் சில்வர் வேண்டாம்.

அடியில் எத்தனை சில்வர் இருந்தாலும் பாதகமில்லை. மேலே ஒரு கோட் சாதாரணப் பெயிண்ட் அடித்தால் போதும். கடைசிக் கோட் மட்டும்தான் கணக்கு.

காற்று எடுத்துப் போகும் சூட்டுக்கு நிறம் பற்றிக் கவலையில்லை. அது தன்பாட்டுக்குப் போகிறது.

*

அவனுக்கு இதை எழுதுகிறேன். அழகாக இருக்கிறதே மாமா என்று பதில் வருகிறது.

அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

*

பசையை வார்னிஷில் விடுகிறேன். குச்சியால் கலக்குகிறேன். முதலில் சாம்பல். பிறகு ஒரு சுழல், மீன் வயிறு மாதிரி. பிறகு எங்கும் மினுக்கம்.

இன்னும் கலக்க வேண்டியதில்லை. கலக்கிக்கொண்டே இருக்கிறேன்.

*

உள்ளே இருப்பது பொடி அல்ல. தகடு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடுகள். ஆலையில் அரைக்கும்போதே ஒரு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து அரைக்கிறார்கள். அந்த வழுவழுப்பால் தகடுகள் வார்னிஷுக்குள் மூழ்குவதில்லை. மேலே மிதந்து வந்து படுத்துக்கொள்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று, நாட்டு ஓடு வேய்ந்தது போல.

மழையும் வெயிலும் அந்த ஓட்டில் பட்டுத் திரும்புகின்றன.

அவை படுக்க நேரம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்தால் இழுத்ததுதான். மறுபடி பிரஷ் போனால் படுத்தவை கலைகின்றன. அந்த இடம் மங்கிவிடும்.

*

முதல் கம்பியில் மறுபடி பிரஷ் போகிறது. மங்குகிறது.

இரண்டாவதிலும்.

*

மூன்றாவது. மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. ஒரு சாண் அளவான அந்த இடத்தையும் பிரஷ் கடந்து போகிறது. வேகம் கூடவில்லை. குறையவுமில்லை.

திரும்பிப் பார்க்கையில் எந்த இடம் என்று தெரியவில்லை. கையை உயர்த்தி அளந்து பார்க்கலாம். ஈரமாக இருக்கிறது.

*

ஒரு சொட்டு. கால் பெருவிரல் நகத்தில்.

துடைக்கவில்லை.

*

வெயில் உச்சிக்கு வருகிறது. நிறுத்த வேண்டும். சூடான கம்பியில் பெயிண்ட் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பிரஷ் தடம் நின்றுவிடும். பனியிலும் கூடாது. வெயிலிலும் கூடாது. நடுவில் கிடைப்பது மூன்று மணி நேரம்.

பிரஷை டர்பன்டைனில் நிறுத்துகிறேன். சில்வர் மெதுவாக இறங்கி அடியில் சேர்கிறது. மேலே திரவம் தெளிகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். காபி ஆறுகிறது.

*

ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் செம்மண் கட்டியாக இருந்தது. பாக்சைட். லாரியில் மேட்டூருக்கு இறங்கியது. அங்கே 1965இல் தொடங்கிய ஆலையில் அலுமினியம் ஆயிற்று. அந்த உலையெல்லாம் இப்போது அணைந்துவிட்டது.

இந்தப் பசை எந்த மலை என்று டப்பாவில் போடவில்லை.

*

பாம்பன் பாலம் நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில், ராமேஸ்வரம் போகிற ரயிலில். 1914இல் திறந்த பழைய பாலம். அதற்கும் இதே நிறம். உப்புக் காற்றில் இரும்பு நிற்காது. ஆகவே ஒரு முனையில் அடித்து முடிக்கும்போது மறு முனை உரியத் தொடங்கியிருக்கும் என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். மெய்யோ கதையோ.

ரயில் மெதுவாகப் போகும். கீழே தண்ணீர். யாரும் பேச மாட்டார்கள்.

இப்போது அந்தப் பாலத்தில் ரயில் இல்லை. பக்கத்தில் புதுப் பாலம், 2025இல் திறந்தது.

*

சாயங்காலம் மொட்டைமாடி. வெறுங்காலில் தளம் வெதுவெதுவென்று இருக்கிறது. சித்திரையில் இது தாங்காது. பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பன்னிரண்டு வரை வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். பாயைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேலே வருவோம்.

எங்கள் ரேடியேட்டர் இதுதான் என்று தோன்றுகிறது. அணைக்கிற திருகு இல்லாதது.

*

சமணர்மலைப் பாறை இன்னும் சிவப்பாக இருக்கிறது. கீழக்குயில்குடிப் பக்கம் புகை எழுகிறது. அந்தப் பாறையும் இந்நேரம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திச் செதுக்கிய மகாவீரர் மேலே உட்கார்ந்திருக்கிறார். முதுகுப் பக்கம் வெதுவெதுப்பாக இருக்குமோ.

எண்ணம் வருகிறது. போகிறது.

*

இரண்டாம் கோட். மறுநாள் காலை.

கைக்கு இப்போது தெரிந்துவிட்டது. அதனால் கவனம் வேறெங்கோ போகிறது. ஐந்தாவது கம்பியில் ஒரு கொசு ஒட்டியிருக்கிறது, அதுவும் சில்வராக. எடுக்கப் போனால் தடம் விழும். விடுகிறேன்.

*

தெருவிலிருந்து பார்க்கிறேன். ஜன்னல் புதிதாக இருக்கிறது. வீடு பழையதாகத் தெரிகிறது.

*

கதவை மூடாமல் வைத்திருக்கிறேன், காயட்டும் என்று. காற்று வருகிறது. கம்பிகளுக்கு நடுவில் வருகிறது. எட்டு இடைவெளி.

இதுவரை கம்பியைத்தான் எண்ணினேன்.

*

டப்பாவில் கால்வாசி மீதி. கலந்தது நிற்காது. மூடி வைத்தாலும் பொங்கல் கழிந்து திறக்கையில் மினுக்கம் இருக்காது.

பால்காரர் எட்டிப் பார்க்கிறார். அண்ணே, மிச்சம் இருந்தா கொடுங்க, மாட்டுக் கொம்புக்கு ஆகும் என்கிறார். மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்கிறேன். இது ஐந்து நாள் தாங்குமா என்கிறார்.

தாங்காது. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

*

வேப்பமரத்தடி. மாடு நிற்கிறது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். நான் பிரஷ்.

கொம்பு கம்பி மாதிரி இல்லை. சொரசொரப்பு. வளையம் வளையமாக. தொட்டால் லேசான சூடு. அடியில் இன்னும் கொஞ்சம் கூட.

அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. மாடு கண்ணை மூடுகிறது. காது மட்டும் ஆடுகிறது.

*

இடது கொம்பு முடிகிறது.

வலது கொம்புக்குப் பிரஷ் போகையில் தலையை உதறுகிறது. மறுபடி. மறுபடி உதறல். என் சட்டையில், அவர் துண்டில், வேப்பமரத்தில் பொட்டுப் பொட்டாகச் சில்வர்.

விடுங்கண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்கிறார்.

*

டப்பா காலி. மாடு வைக்கோலுக்குத் திரும்புகிறது. மெல்லும் சத்தம்.

ஒரு கொம்பில் வெயில் படுகிறது.