கண்ணைக் கட்டிய ராட்டினம்

நூல் சுற்றுவதும் ராட்டினம், திருவிழாவில் பிள்ளைகளைச் சுற்றுவதும் ராட்டினம். காஞ்சிபுரத்தில் முதலாவதோடு ஆயுளைக் கழித்த நெசவாளர் ஒருவரை எனக்குத் தெரியும். நடுவயதில் பார்வை போய்விட்டது. ஆனாலும் வைகாசிக் கருடசேவையின்போது இரண்டாவது ராட்டினத்தில் பேரனோடு ஏறத் தவறமாட்டார். "பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "வயிறு தொண்டைக்கு வர்றதுக்குக் கண்ணு எதுக்குங்க?" என்றார்.

நியாயமான பேச்சு. ஏறுவதையும் விழுவதையும் நமக்கு அறிவிப்பது கண் மட்டுமன்று. உள்காதிலும் அதற்கென்று ஓர் உறுப்பு இருக்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் ஒதுக்கப்படுகிறவர் ராட்டினத்தில் மட்டும் பேரனுக்குச் சமமாக அலறுகிறார்.

2015-இல் ஜெர்மனியின் யூரோப்பா பார்க்கிலும், 2016-இல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸிலும் ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர் கண்ணுக்கு வி.ஆர். கண்ணாடியை மாட்டினார்கள். வண்டி பழைய தண்டவாளத்தில் ஓட, மனிதர் விண்வெளியில் பறக்கிறார். மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு அது சரியாகப் பொருந்தாது. ஒரு கண் மட்டும் உள்ளவருக்கு அதன் ஆழம் முழுதும் தெரியாது. சிறு பிள்ளைகளுக்கு வயதுத் தடை. ஒவ்வொருவருக்கும் மாட்டித் துடைப்பதில் வரிசை வேறு நீண்டது. ஆல்டன் டவர்ஸில் சில ஆண்டுகளிலேயே அதைக் கழற்றிவிட்டார்கள்.

"பார்வையில்லாதவர் கண்ணாடி இல்லாமலே ஏறட்டுமே, அவரிடமிருந்து எதைப் பறித்தோம்?" என்றார் என் நண்பர், ஓய்வுபெற்ற பொறியாளர். பறித்தது பக்கத்து இருக்கையை என்றேன். தாத்தா பள்ளத்தில் விழும்போது பேரன் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிறான். பெட்டி ஒன்று, பயணம் இரண்டு. சேர்ந்து அலறிய அந்த ஒரு கணத்துக்கு யார் நஷ்டஈடு தருவது?

நண்பர் விடவில்லை. படுக்கையிலிருப்பவருக்கு அதே கண்ணாடியை மாட்டினால் மலையும் ஏறலாம், கோயிலுக்கும் போகலாம் என்றார். இதை நான் இகழமாட்டேன். 2019-இல் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தபோது, நெரிசலுக்கு அஞ்சி எத்தனையோ முதியவர்கள் தொலைக்காட்சியிலேயே கைகூப்பினார்கள். அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அச்சமெல்லாம், 'படந்தான் இருக்கிறதே, படிக்குப் பக்கத்தில் சாய்தளம் எதற்கு?' என்று நாளை ஒருவர் கோப்பில் எழுதிவிடுவாரே என்பதுதான். பொது இடங்களைத் தங்களுக்கும் ஏற்றவையாக்கக் கோரிப் பார்வையற்ற ஒருவர் 2005-இல் வழக்குத் தொடுத்தார். அதற்கான கட்டாய விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். சாய்தளம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது. கண்ணாடியோ கடையில் கிடைக்கிறது.

அத்திவரதர் மறுபடி எழுந்தருள வேண்டியது 2059-இல். அதற்குள் வசந்த மண்டபம் வரை எவரும் இடிபடாமல் போக அகலமான வழி வருமா, ஆளுக்கொரு கண்ணாடி வருமா என்று நண்பரைக் கேட்டேன். பொறியாளரல்லவா, மனக்கணக்குப் போட்டார்.

"கண்ணாடிதான் மலிவு" என்றார்.